சுமை ஏற்றியதும் பின்பக்கம் அமுங்கும் வண்டி: ஸ்பிரிங்கா, காற்றுப்பையா, ஸ்பேசரா?

கேள்வி இதுதான். காயில் ஸ்பிரிங் உள்ள நான்கு சக்கர இயக்க வண்டி. பின்னால் இழுப்பறைப் பெட்டிகள், குளிர்பெட்டி, தண்ணீர்த் தொட்டி, பின்கதவுக்கு வெளியே கூடுதல் டயர், டீசல் கேன்கள் எல்லாம் ஏறியதும் பின்பக்கம் ஐந்து சென்டிமீட்டர் அமுங்கிவிடுகிறது. கரடுமுரடான பாதையில் பள்ளத்துக்குப் பள்ளம் ‘டங்’ என்று அடிக்கிறது. ஸ்பிரிங்குக்கு மேல் ஸ்பேசர் (உயரம் கூட்டும் தடித்த வளையம்) வைக்கலாமா, உள்ளே காற்றுப்பை போடலாமா, தடித்த ஸ்பிரிங்கே மாற்றிவிடலாமா?

என் பதில்: எப்போதும் வண்டியிலேயே இருக்கும் எடைக்கு ஸ்பிரிங். பயணத்துக்குப் பயணம் ஏறி இறங்கும் எடைக்குக் காற்றுப்பை. ஸ்பேசர் சிறு திருத்தத்துக்கு மட்டும். ஆனால் எந்த எடை எவ்வளவு என்று தெரியாமல் இவற்றில் எதையும் வாங்காதீர்கள். இந்த விஷயத்தில் வீணாகும் பணத்தில் பெரும்பகுதி, எடைமேடையில் ஏறாமலே ஸ்பிரிங் வாங்குவதால் வீணாகிறது.

எடைமேடையில் மூன்று எடை எடுக்க வேண்டும். முன் சக்கரங்கள் மட்டும் மேடையில், பிறகு முழு வண்டியும், பிறகு பின் சக்கரங்கள் மட்டும். முதலும் மூன்றாவதும் கூடி ஏறக்குறைய இரண்டாவதற்குச் சமமாக வர வேண்டும். வரவில்லை என்றால் மேடையும் அதை ஒட்டிய தரையும் ஒரே மட்டத்தில் இல்லை. வெறும் வண்டியாக, எரிபொருள் டேங்க் நிரம்பிய நிலையில் ஒரு முறை. ஆட்கள் உட்பட, பயணத்துக்குப் புறப்படும் நிலையில் இன்னொரு முறை. இந்த எண்களை வண்டித் தயாரிப்பாளர் அறிவித்திருக்கும் மூன்று வரம்புகளோடு ஒப்பிடுங்கள்: மொத்த எடை, முன் ஆக்சில் (இரு பக்கச் சக்கரங்களையும் தாங்கும் அச்சு) எடை, பின் ஆக்சில் எடை. மொத்த எடை வரம்புக்குள் இருக்க, பின் ஆக்சில் மட்டும் வரம்பைத் தாண்டியிருப்பது சுற்றுலாவுக்கு மாற்றியமைத்த வண்டிகளில் அடிக்கடி காணும் நிலை.

தாண்டியிருந்தால் முதலில் சாமான்களை இறக்குங்கள். தடித்த ஸ்பிரிங் வண்டியை நிமிர்த்திக் காட்டும். ஆக்சில் உறையையோ பேரிங்கையோ பிரேக்கையோ டயரையோ அது வலுப்படுத்தாது. டயரில் சுமைக் குறியீடு 112 என்று இருந்தால், உரிய காற்றழுத்தத்தில் அந்த ஒரு டயர் தாங்குவது 1,120 கிலோ. அழுத்தம் குறைந்தால் அந்த அளவும் குறையும். பின்பக்கம் நிமிர்ந்து நிற்கும், அளவுக்கு மீறிய பாரத்தோடு ஓடும் வண்டி, அமுங்கிக் கிடக்கும் வண்டியைவிட ஆபத்தானது. ஓட்டுபவருக்கு எச்சரிக்கையே கிடைக்காது.

எடை எங்கே இருக்கிறது என்பதும் எடையின் அளவுக்குச் சமமான விஷயம். பின் ஆக்சிலுக்குப் பின்னால் தொங்கும் ஒவ்வொரு கிலோவும் ஆக்சிலின் மேல் ஒரு கிலோவுக்கு மேலாக அழுத்துகிறது. கூடவே முன் சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கப் பார்க்கிறது. சக்கர இடைவெளி 2,750 மி.மீ. உள்ள வண்டியை எடுத்துக்கொள்வோம். பின் பம்பரில் டயர், இரண்டு கேன்கள், அவற்றைத் தாங்கும் இரும்புச் சட்டம் என்று 110 கிலோ, ஆக்சிலுக்கு 1,100 மி.மீ. பின்னால் தொங்குகிறது. பின் ஆக்சிலில் கூடுவது 154 கிலோ. மேலதிகமான அந்த 44 கிலோ முன் ஆக்சிலிலிருந்து கழிந்து வந்தது. ஸ்டீயரிங் லேசாகி வண்டி அலைவதும், ஈரத் தரையில் திருப்பத்தில் முன்பக்கம் வழுக்குவதும் இதனால்தான்.

இதே கணக்கைத் தண்ணீருக்குப் போட்டுப் பாருங்கள். 60 லிட்டர் தண்ணீர் 60 கிலோ. ஆக்சிலுக்கு ஒரு மீட்டர் பின்னால் வைத்தால் பின் ஆக்சிலில் 82 கிலோவாக விழுகிறது. அதையே தட்டையான தொட்டியாக்கி, முன் இருக்கைகளுக்குப் பின்னால் கால் வைக்கும் இடத்தில், ஆக்சிலுக்கு அரை மீட்டர் முன்னால் வைத்தால் 49 கிலோதான். ஒரு ஸ்பேனரைக் கூடத் தொடாமல் 33 கிலோ குறைந்துவிட்டது. ஈய பேட்டரி, கருவிப் பெட்டி, வின்ச் (சிக்கிய வண்டியை இழுக்கும் கருவி) சாமான்கள் ஆகிய அடர்த்தியான பொருள்கள் எல்லாம் இரண்டு ஆக்சில்களுக்கு நடுவே, தரைக்கு அருகே போக வேண்டும். படுக்கை, துணி, கூடாரம் பின்கடைசிக்குப் போகட்டும். பலர் செய்வது இதற்கு நேர்மாறானது: கனமான பொருள்களைப் பின்கதவைத் திறந்ததும் கைக்கு எட்டும்படி வைப்பார்கள்.

அடுத்தது அளவு. சக்கர வளைவின் விளிம்பிலிருந்து தரைக்கு அளக்காதீர்கள். டயர் காற்று குறைந்தாலும் அந்த அளவு மாறும். வளைவின் விளிம்பிலிருந்து சக்கரத்தின் மையம் வரை அளங்கள். சமதளத்தில் சில மீட்டர் முன்னும் பின்னும் உருட்டி, கடைசியில் பிரேக்கைப் பலமாக மிதிக்காமல் தானாக நிற்க விட்டு அளந்தால்தான் ஸ்பிரிங்கும் புஷ்களும் (இணைப்புகளில் உள்ள ரப்பர் உருளைகள்) தம் இயல்பான நிலையில் இருக்கும். வெறும் வண்டியில் நான்கு மூலைகள், சுமையோடு நான்கு மூலைகள். வெறும் நிலையில் பின்பக்கம் இரண்டு மூன்று சென்டிமீட்டர் தூக்கலாக இருப்பது பல வண்டிகளுக்குத் தொழிற்சாலை அமைப்பே. சுமை ஏறியதும் மட்டமாவதற்காக விடப்பட்ட இடைவெளி அது. ஆகவே ‘ஐந்து சென்டிமீட்டர் இறங்கியது’ என்பது மட்டும் போதாது; எந்த உயரத்திலிருந்து இறங்கியது என்று தெரிய வேண்டும்.

அதைவிட முக்கியமானது, இறங்கிய பிறகு மிச்சம் எவ்வளவு இருக்கிறது என்பது. ஆக்சில் மேலே வந்து பம்ப் ஸ்டாப் ரப்பரில் முட்டும் வரை உள்ள இடைவெளிதான் வண்டியின் உண்மையான கையிருப்பு. குழந்தைகள் விளையாடும் களிமண்ணில் ஒரு கட்டியை உருட்டி, பம்ப் ஸ்டாப்பின் அடியில் ஆக்சில் வந்து தொடும் இடத்தில் ஒட்டுங்கள். நீங்கள் வழக்கமாகப் போகும் பாதையில் ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். கட்டி லேசாக அமுங்கியிருந்தால் கவலையில்லை. காகிதம்போல் நசுங்கி, ஓரங்களில் ரப்பரின் வரிகள் பதிந்திருந்தால், ஒவ்வொரு பள்ளத்திலும் அந்த அடி நேராக வண்டியின் சட்டகத்துக்குப் (சேசிஸ்) போகிறது. ஷாக் அப்சார்பர் பிடிமானங்கள் கிழிவது, ஆக்சில் உறை வளைவது எல்லாம் இப்படித்தான் தொடங்குகின்றன. சுமை ஏறி நிற்கும் நிலையில் 60, 70 மி.மீ. இடைவெளியாவது இருக்க வேண்டும் என்பது என் எதிர்பார்ப்பு. அது இருந்தால், பின்பக்கம் சற்றுத் தாழ்ந்து தெரிவதற்காகப் பணம் செலவழிக்க மாட்டேன்.

ஸ்பிரிங் பழசாகித் தளர்ந்திருக்கிறதா என்பதையும் இப்போதே பார்த்துவிடலாம். வெறும் வண்டியிலேயே பின்பக்கம் தயாரிப்பாளர் சொன்ன உயரத்தைவிடத் தாழ்ந்திருந்தால், சுமையின் மேல் மட்டும் பழி போட முடியாது. ஒரு பக்கம் மட்டும் சாய்ந்திருந்தால் அந்தப் பக்கத்து ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்றைக் கவனியுங்கள். அடித்தட்டில் சேறு தங்கி, சுருள் முனை உரசி, பெயின்ட் போய்த் துரு பிடிக்கும் இடம் அதுதான். அங்கே அரைச் சுற்று முறிந்தால் முறிந்த துண்டு தட்டிலேயே கிடக்கும். ஸ்பிரிங் முழுசாக இருப்பதுபோலவே தோன்றும். தண்ணீர் அடித்துக் கழுவி, விரலால் தடவிப் பார்த்தால்தான் விளிம்பு தட்டுப்படும்.

இனி ஸ்பிரிங். ஒரு பின் ஸ்பிரிங்கின் கடினம் மில்லிமீட்டருக்கு 40 நியூட்டன் என்று கொள்வோம். இரண்டும் சேர்ந்து 80. நூறு கிலோ என்பது 981 நியூட்டன். ஆகவே பின் ஆக்சிலில் கூடும் ஒவ்வொரு நூறு கிலோவுக்கும் வண்டி ஏறக்குறைய 12 மி.மீ. இறங்கும். 350 கிலோ என்றால் 43 மி.மீ. உங்கள் ஐந்து சென்டிமீட்டர் இந்தக் கணக்குக்கு அருகில்தான் வருகிறது. ஸ்பிரிங் கெட்டுவிட்டது என்று அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. சொன்ன வேலையை அது சரியாகவே செய்கிறது.

சுருளின் கடினம் கம்பித் தடிமனின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. மற்ற அளவுகள் மாறாமல் கம்பி 14 மி.மீ.யிலிருந்து 15 ஆனால் ஸ்பிரிங் 32 சதவீதம் கடினமாகிவிடும். கண்ணுக்குத் தெரியாத ஒரு மில்லிமீட்டர் செய்யும் வேலை இது. அதனால்தான் ‘கொஞ்சம் கூடுதலாகவே இருக்கட்டும்’ என்று ஒரு படி மேலே வாங்குபவர்கள் பிறகு வருந்துகிறார்கள். நிரந்தரமாக 400 கிலோ இருந்தால் மட்டுமே பொருந்தும் ஸ்பிரிங்கை, வாரம் முழுவதும் காலியாக ஓடும் வண்டியில் போட்டால், பின்பக்கம் துள்ளும். வரிவரியாக மேடுபள்ளம் விழுந்த மண்பாதையில் டயர் தரையைவிட்டுத் தாவும். ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது ஸ்பிரிங் விரிந்து அதைத் தரையோடு அழுத்தாது. ஆஃப்ரோடு வண்டிக்கு இது சிறிய இழப்பு அல்ல.

எனவே எடைமேடைக் கணக்கில் ‘எப்போதும் இருப்பது’ என்று வருவதை மட்டும் ஸ்பிரிங்குக்குக் கொடுங்கள்: பின் பம்பர், இழுப்பறைகள், இரண்டாவது பேட்டரி, நிரந்தரத் தொட்டி. ஸ்பிரிங் தயாரிப்பாளர்கள் சுமை வரம்பு வாரியாகப் பிரித்து விற்கிறார்கள். இரண்டு வரம்புகளுக்கு நடுவே நின்றால் கீழ் வரம்பையே எடுங்கள். நம் சாமான்களின் எடையைக் குறைத்துச் சொல்பவர்களும் உண்டு, கூட்டிச் சொல்பவர்களும் உண்டு. கூட்டிச் சொல்லி வாங்கிய ஸ்பிரிங்கோடு தினமும் வாழ வேண்டியிருக்கும். சுருள் இடைவெளி மாறிமாறி வரும் படிப்படியாகக் கடினமாகும் ஸ்பிரிங்குகள் காலி வண்டியில் மென்மையாகவும் சுமையில் கடினமாகவும் இருக்கும். நெருக்கமான சுற்றுகள் முதலில் ஒன்றோடொன்று படிந்து ஒதுங்கிக்கொள்ள, மீதிச் சுற்றுகள் வேலை செய்யும் அமைப்பு அது. சுமை அடிக்கடி மாறும் வண்டிக்கு நல்ல சமரசம்.

மாறும் எடைக்குக் காற்றுப்பை. காயில் ஸ்பிரிங்குக்கு உள்ளே நுழையும் பாலியூரித்தேன் பையைத்தான் சொல்கிறேன். ஒன்பது சென்டிமீட்டர் விட்டமுள்ள பையில் 20 பிஎஸ்ஐ காற்று இருந்தால் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 90 கிலோ தாங்கும். பயணம் முடிந்ததும் காற்றைக் குறைத்தால் பழைய மென்மை திரும்பிவிடும். ஒரு வாரப் பயணச் சுமைக்கு இதைவிட எளிய வழி இல்லை. ஆனால் அதைப் பொருத்துவதில் சில நுணுக்கங்கள் உண்டு. இரண்டு பைகளையும் ஒரே குழாயில் இணைக்காதீர்கள். திருப்பத்தில் பாரம் விழும் பக்கத்துக் காற்று மறுபக்கத்துக்கு ஓடிவிடும். தாங்க வேண்டிய நேரத்தில் பை கைவிட்டு, வண்டி இன்னும் அதிகமாகச் சாயும். இரண்டு குழாய், இரண்டு வால்வு. காலியாக ஓடும்போதும் தயாரிப்பாளர் சொன்ன குறைந்தபட்ச அழுத்தம் இருக்க வேண்டும். பல பைகளுக்கு அது 5 பிஎஸ்ஐ. காற்றே இல்லாத பை சுருள்களுக்கு நடுவே சிக்கிக் கிழிந்துபோகும். புகைக்குழாய்க்கு அருகில் காற்றுக்குழாயைக் கொண்டுபோகவும் கூடாது.

காற்றுப்பையையே முழுத் தீர்வாக நம்பி, தளர்ந்த ஸ்பிரிங்கின் மேல் அதிகபட்ச அழுத்தத்தில் ஆண்டு முழுவதும் ஓட்டுவதை நான் ஏற்கமாட்டேன். தொலைவான இடத்தில் பை வெடித்தால் வண்டி அந்தக் கணமே பம்ப் ஸ்டாப்பின் மேல் உட்கார்ந்துவிடும். பை போனாலும் மெதுவாக ஓட்டி வீடு சேரும் அளவுக்கு ஸ்பிரிங் தாங்க வேண்டும்.

லீஃப் ஸ்பிரிங் (அடுக்கிய இரும்புப் பட்டைகளால் ஆன ஸ்பிரிங்) உள்ள பிக்கப் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு, ஆக்சிலுக்கும் சட்டகத்துக்கும் நடுவே வைக்கும் பெரிய காற்றுப்பைகளை வாங்கப் போகலாம். அவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. லீஃப் ஸ்பிரிங் சுமையைச் சட்டகத்தில் முன்கண், பின்கண் (பட்டையின் இரு முனைகளிலும் உள்ள வளையங்கள்) என்று ஒரு மீட்டருக்கு மேல் விலகியிருக்கும் இரண்டு இடங்களில் பகிர்ந்து கொடுக்கிறது. காற்றுப்பை, ஆக்சிலுக்கு நேர் மேலே ஒரே புள்ளியில் சட்டகத்தைத் தள்ளுகிறது. வண்டியின் வாலில் பெரும் பாரமோ டிரெய்லரோ இருந்து, பையில் காற்றும் முழுதாக இருந்தால், ஒரு பெரிய குழியில் விழுந்து எழும்போது அந்தப் புள்ளியை மையமாக வைத்துச் சட்டகமே வளைகிறது. கேபினுக்கும் பின்னால் சுமை ஏற்றும் பகுதிக்கும் நடுவே உள்ள இடைவெளி மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும், அல்லது அதற்கு நேர்மாறாகவும் தெரிந்தால் அது வளைந்த சட்டகம். லீஃப் வண்டிக்கு என் தேர்வு, சுமைக்கேற்ப வடிவமைத்த முழு ஸ்பிரிங் கட்டுதான். ஒரு பட்டை மட்டும் சேர்ப்பதானால் நீளமான பட்டையாக இருக்கட்டும். குட்டைப் பட்டை தன் முனை தொடும் இடத்தில் முதன்மைப் பட்டையை ஒடித்துவிடும். ஸ்பிரிங் கட்டை ஆக்சிலோடு பிணைக்கும் யூ போல்ட்டுகளை ஒரு முறை கழற்றினால் புதியதே போட வேண்டும்.

ஸ்பேசர் பற்றிப் பலரும் நினைப்பது ஒன்று, நடப்பது ஒன்று. 30 மி.மீ. ஸ்பேசர் வண்டியை 30 மி.மீ. உயர்த்தும், பம்ப் ஸ்டாப் இடைவெளியும் அவ்வளவு கூடும். ஆனால் ஸ்பிரிங்கின் கடினம் துளியும் மாறாது. நூறு கிலோவுக்கு அதே 12 மி.மீ. இறங்கும். கூடவே, ஆக்சில் முழுதாக மேலே வரும்போது ஸ்பிரிங் முன்பைவிட 30 மி.மீ. அதிகமாக நசுங்க வேண்டியிருக்கும். சுருள்கள் முட்டி இரும்புக் கட்டையாகிவிட்டால் பம்ப் ஸ்டாப் ரப்பருக்கு வேலையே இல்லாமல் போய்விடும். எரிபொருள் டேங்க் ஒரு பக்கம் இருப்பதால் வண்டி சற்றுச் சாய்ந்திருக்கிறதா? அந்தப் பக்கம் 10 மி.மீ. ஸ்பேசர் நல்ல பதில். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்காதீர்கள்.

ஷாக் அப்சார்பரை மாற்றினால் வண்டி நிமிருமா என்று கேட்பவர்கள் உண்டு. சாதாரண ஷாக் பாரம் தாங்காது. ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குவதே அதன் வேலை. உயர் அழுத்த வாயு ஷாக் கூட 14 மி.மீ. தண்டும் 20 பார் அழுத்தமும் இருந்தால் பக்கத்துக்கு 30 கிலோவைத்தான் தள்ளும். மொத்தத்தில் ஏழெட்டு மில்லிமீட்டர். ஆனால் ஸ்பிரிங்கை மாற்றினால் ஷாக்கையும் மாற்றத்தான் வேண்டும். தேவைப்படும் அடக்குதிறன், ஸ்பிரிங் கடினத்தையும் தாங்கும் எடையையும் பெருக்கிய தொகையின் வர்க்கமூலத்தோடு கூடுகிறது. கடினம் 30 சதவீதமும் எடை 20 சதவீதமும் கூடினால் ஷாக் 25 சதவீதம் வலுவாக வேண்டும். பழைய ஷாக்கையே விட்டால் ஒரு மேட்டைத் தாண்டிய பிறகும் பின்பக்கம் இரண்டு மூன்று முறை ஆடி அடங்கும். விதிவிலக்காக, சுமையைத் தாங்கும் ஷாக்குகளும் உண்டு. ஓட்டத்தின் அசைவையே பம்பாகப் பயன்படுத்தித் தானாக உயர்ந்துகொள்பவை அவை. முதல் தலைமுறை ரேஞ்ச் ரோவரின் பின் ஆக்சிலில் போகே நிறுவனத்தின் அத்தகைய அமைப்பு இருந்தது. அருமையான யோசனை. உங்கள் வண்டி அப்படி வந்திருந்தால், அதைக் கழற்றிச் சாதாரண ஷாக் போடும்போது ஸ்பிரிங்கையும் சேர்த்து மாற்ற வேண்டும், இல்லையேல் பின்பக்கம் படுத்துவிடும்.

உயரம் மாறியதும் பலர் மறப்பது பிரேக். எலக்ட்ரானிக் முறையில் பிரேக் விசையைப் பங்கிடாத பழைய வண்டிகளில், பின் ஆக்சிலிலிருந்து ஒரு மெல்லிய கம்பி சட்டகத்தில் உள்ள வால்வுக்குப் போகும். பின்பக்கம் எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்பதை வைத்து, சுமை எவ்வளவு என்று அந்த வால்வு ஊகிக்கிறது. அமுங்கினால் பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம், நிமிர்ந்தால் குறைவு. நீங்கள் தடித்த ஸ்பிரிங்கோ காற்றுப்பையோ போட்டு 350 கிலோவோடு வண்டியை நிமிர்த்தி நிறுத்தினால், வால்வு வண்டி காலி என்று முடிவுசெய்து பின் பிரேக்கைக் குறைத்துவிடும். நின்றுகொள்ளும் தூரம் கூடும். முன் பிரேக் சூடேறும். கம்பியின் பிடிமானத்தைப் புதிய உயரத்துக்கேற்ப மாற்றி அமைக்க, பிரேக் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

முகப்பு விளக்கையும் சரிபாருங்கள். 2,750 மி.மீ. இடைவெளியில் பின்பக்கம் 50 மி.மீ. தாழ்ந்தால், ஐம்பது மீட்டர் தூரத்தில் ஒளி 90 சென்டிமீட்டர் மேலே போய் எதிரே வருபவரின் கண்ணில் விழும்.

பொருத்தும்போது ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருங்கள். ஆக்சிலைப் பிடிக்கும் கைகளின் ரப்பர் புஷ் போல்ட்டுகளை வண்டி ஜாக்கியில் தொங்கும்போது முழுதாக முறுக்கக் கூடாது. சக்கரங்கள் தரையில் பதிந்து, வண்டி தன் எடையில் நிற்கும்போது முறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் முறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுகிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழியும். உயர அளவும் தவறாகக் காட்டும். ஐந்நூறு கிலோமீட்டர் ஓடியதும் எல்லாப் போல்ட்டுகளையும் மறுபடி பாருங்கள். ஆயிரத்தில் நான்கு மூலைகளையும் மறுபடி அளங்கள். புதிய ஸ்பிரிங் இதற்குள் சில மில்லிமீட்டர் அமர்வது இயல்பு. அதற்குப் பிறகும் இறங்கிக்கொண்டே போனால், அளவுச் சீட்டோடு போய் ஸ்பிரிங்கைத் திருப்பிக் கொடுங்கள்.